களத்திற் பதிந்த நேரத்தைக் காப்பாற்றுக

களப்பணிக்குச் செல்வோர் இன்று குறிப்பேட்டோடு ஒலிப்பதிவுக் கருவியையும் காமிராவையும் உடன் கொண்டு செல்கின்றனர். உழவர்க்கு விதைநேர்த்தியைக் காட்டும் குறும்படமாயினும், பேசுவோர் அருகிவரும் மொழியொன்றின் சொற்களைத் தொகுக்கும் ஆவணமாயினும், மழைக்காலக் குட்டையில் தவளை எழுப்பும் ஒலியை மாணவர்க்கு விளக்கும் பாடமாயினும், நல்ல ஒலி வேண்டுமென்றால் அதனைக் காமிராவிலுள்ள சிறு மைக்கை நம்பி விட்டுவிட இயலாது. தனிக் கருவியிற் பதிதல் வேண்டும். இதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அவ்வாறு அரிதின் முயன்று பதிந்த ஒலி, களத்தினின்று படத்தொகுப்பாளரின் மேசைக்குச் சென்று சேர்வதற்குள் தான் பிறந்த நேரத்தை இழந்துவிடுகிறது. இழக்கச் செய்வோர் பகைவர் அல்லர்; கோப்பைச் சிறிதாக்கி அனுப்பினால் பிறர்க்கு உதவியாயிருக்கும் என்று எண்ணும் நம்மவரே. இவ்வழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும் என்பதே நம் கருத்து. அதற்குரிய காரணங்களைச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது.

தொழிலார் 'டைம்கோட்' என்று வழங்கும் நேரக்குறியானது, ஒவ்வொரு படச்சட்டத்திற்கும் மணி, நிமிடம், வினாடி, சட்ட எண் என்னும் நான்கு உறுப்புக்களைக் கொண்டு இடப்படும் முகவரியாகும். காந்த நாடாவிற் பதிந்த படங்களைத் தொகுக்கும்பொருட்டு 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தோன்றிய இம்முறை, பின்னர் அந்நாட்டுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தாரால் தரப்படுத்தப்பெற்று உலகெங்கும் பரவியது. நம் நாட்டுத் தொலைக்காட்சி வினாடிக்கு 25 சட்டங்கள் என்ற கணக்கைத் தழுவியது. எனவே ஒரு சட்டத்தின் வாழ்நாள் 40 மில்லி வினாடி. காமிராவும் ஒலிப்பதிவுக் கருவியும் ஒரே கடிகாரத்தை ஒட்டி ஓடுமாயின், 10 மணி 17 நிமிடம் 30 வினாடிக்குரிய படமும் அதே நேரத்திற்குரிய ஒலியும், தொகுப்பாளர் காது கொடுத்துத் தேடாமலே ஒன்றையொன்று கண்டு சேரும்.

இது முற்றிலும் புதிய தொல்லை என்று எவரும் எண்ண வேண்டா. ஸ்டெஃபான் குடெல்ஸ்கி என்பார் 1951-இல் சுவிட்சர்லாந்தில் முதன்முதலாக உருவாக்கிய நாக்ரா வரிசைக் கருவிகள், பின்வந்த ஆண்டுகளில் ஆவணப்படக் குழுக்களுக்குப் பெருந்துணையாயின. அவற்றின் கால் அங்குல நாடாவிற் பேச்சோடு கூட, காமிராவின் வேகத்தைக் குறிக்கும் துணை அலையொன்றும் பதியப்படும். அந்நாடாவை அவ்வாறே படச்சுருளோடு இணைத்து ஓட்ட இயலாது. ஓரத்தில் துளையிட்ட காந்தச் சுருளுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றுபவர் அத்துணை அலையைப் பின்பற்றி நாடாவின் ஓட்டத்தை நெறிப்படுத்தினால் உதட்டசைவும் சொல்லும் இறுதிவரை ஒன்றியிருக்கும். அவர் அதனைப் பொருட்படுத்தாது வெறுமனே ஓட்டிவிட்டால், முதல் நிமிடத்திற் சரியாயிருந்த பேச்சு பத்தாம் நிமிடத்தில் வாயை விட்டு விலகி நிற்கும். களத்திற் பிழையே நேராதிருந்தும் மாற்றுமிடத்திற் பிழை நேர்வது அன்றும் உண்டு.

இனி, இக்காலத்துக் கோப்பினுள் நேரம் எங்கே உறைகிறது என்பதைக் காண்போம். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997-இல் வகுத்த 'பிராட்காஸ்ட் வேவ்' என்னும் முறை, வழக்கமான வேவ் கோப்பினுள் 'பெக்ஸ்ட்' என்ற ஒரு சிறு பகுதியைக் கூடுதலாகச் சேர்த்தது. பதிந்த கருவியின் பெயர், நாள், நேரம், சிறு குறிப்பு ஆகியவற்றோடு, இன்றியமையாத எண் ஒன்றும் அதில் இடம்பெறுகிறது. நள்ளிரவு முதல் இப்பதிவு தொடங்கிய கணம் வரை எத்தனை ஒலி மாதிரிகள் கழிந்தன என்பதே அவ்வெண். வினாடிக்கு 48,000 மாதிரிகள் எனப் பதிவோமாயின், காலை 10 மணிக்குத் தொடங்கிய பதிவு 36,000 வினாடிகளை 48,000-ஆற் பெருக்கி வரும் 172 கோடியே 80 இலட்சம் என்ற எண்ணைத் தாங்கி நிற்கும். 25 சட்டக் கணக்கில் ஒரு சட்டத்திற்குச் சரியாக 1,920 மாதிரிகள் அமைவதால் பின்னத்திற்கு இடமில்லை. கணித வகுப்பிற்கு இதனைவிட நல்ல பெருக்கற் கணக்குக் கிடைப்பது அரிது. 2004-இல் தோன்றிய 'ஐஎக்ஸ்எம்எல்' என்ற மற்றொரு பகுதி, காட்சி எண், தடங்களின் பெயர், சட்ட விகிதம் முதலியவற்றைச் சுமந்து வருகிறது. கோப்பின் பெயரை மாற்றினாலும், ஒரு தட்டிலிருந்து மற்றொரு தட்டிற்குப் படி எடுத்தாலும், இவை அழிவதில்லை. அழிவது, கோப்பை வேறொரு வடிவிற்கு மாற்றும்போதுதான்.

எவ்வாறு அழிகிறது? முதலாவது, எம்.பி.3 ஆக மாற்றும் வழக்கம். அவ்வடிவில் மேற்கூறிய பெக்ஸ்ட் பகுதிக்கு இடமே கிடையாது. நேரம் போயிற்று, அதனோடு நின்றுவிடுவதும் இல்லை. ஒலியைச் சுருக்கும் இத்தகைய முறைகள் தொடக்கத்திற் சிறிது வெற்றொலியைச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையன. பரவலாக வழங்கும் ஏ.ஏ.சி. முறையொன்றில் இது 2,112 மாதிரிகள், அதாவது 44 மில்லி வினாடி; நம் கணக்கில் ஒரு சட்டத்திற்கும் சற்று மிகுதி. அதனைத் தாமே அறிந்து கழித்துவிடும் செயலிகளும் உண்டு, கழியாதவையும் உண்டு. இரண்டாவது, மாதிரி விகிதத்தை 48,000-இலிருந்து 44,100-க்குக் குறைக்கும் வழக்கம். இங்கே நிகழ்வது இன்னும் நகைப்பிற்கிடமானது. சில செயலிகள் விகிதத்தை மாற்றிவிட்டு, மாதிரி எண்ணிக்கையை மட்டும் பழையபடியே எழுதி வைக்கின்றன. பழைய 172 கோடியே 80 இலட்சத்தைப் புதிய 44,100-ஆல் வகுத்துப் பாருங்கள்: காலை 10 மணிக்குப் பதிந்த ஒலி, தான் 10 மணி 53 நிமிடம் 3 வினாடிக்குப் பதியப்பட்டதாகச் சான்று கூறும். நேரமே இல்லாத கோப்பைக் கண்டால் தொகுப்பாளர் ஐயுறுவார். பொய்யான நேரத்தோடு வரும் கோப்பை அவர் நம்பிவிடுவார். இரண்டனுள் பின்னதே கொடிது என்பது எம் துணிபு. மூன்றாவது, தொடக்கத்தில் உள்ள இருமலையும் இரைச்சலையும் நீக்குவதாக எண்ணி முன்பகுதியை வெட்டுதல். 12 வினாடியை வெட்டியவர் நேர எண்ணையும் அதற்கேற்ப உயர்த்தாவிடின், எஞ்சிய அனைத்தும் 12 வினாடி முன்னதாகச் சென்று அமரும்.

எமக்கு நேரே தெரிந்த ஒரு நிகழ்ச்சியை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன்னர், வடகிழக்கு மலைப்பகுதியொன்றில் மூதாட்டி ஒருவர் இடுப்புத் தறியில் நெய்துகொண்டே, தறியின் ஒவ்வோர் உறுப்பிற்கும் தம் மொழியில் வழங்கும் பெயரைச் சொல்லி வந்தார். மூன்று நாட்கள் பதிவு நடந்தது. காமிரா சற்றுத் தொலைவில் நின்றது. ஒலிப்பதிவுக் கருவி மூதாட்டியின் அருகில் இருந்தது. இரண்டும் காலையிலும் மாலையிலும் ஒரே நேரத்திற்கு ஒழுங்காகத் திருப்பி வைக்கப்பட்டன. குழு திரும்பியதும், அலுவலகத்தில் ஒருவர் நல்லெண்ணத்துடன் எல்லாக் கோப்புகளையும் எம்.பி.3 ஆக்கி, ஒன்று, இரண்டு என்று வரிசைப் பெயரிட்டுத் தொகுப்பாளருக்கு அனுப்பினார். நினைவு அட்டை அடுத்த பயணத்திற்குத் தேவைப்பட்டதால் துடைக்கப்பட்டது. தொகுப்பாளர் திறமையானவர், ஆயினும் அம்மொழியில் ஒரு சொல்லும் அறியாதவர். மொழி தெரிந்திருந்தால் உதட்டைப் பார்த்தேனும் பொருத்தலாம். காமிராவிற் கேட்டது பெரும்பாலும் அடுப்படிப் பேச்சும் கோழியின் கூவலுமே. அவர் தம்மால் இயன்றவரை பொருத்தினார். படம் முடிந்து திரையிட்டபோது, உடனிருந்த மொழிபெயர்ப்பாளர் திடுக்கிட்டார். பாவு நூலை உயர்த்தும் கோலின் பெயர், ஊடையை அடித்து நெருக்கும் பலகையின் படத்தின்மேல் ஏறியிருந்தது. அவ்வாறு இடம்பெயர்ந்த சொற்கள் எத்தனை என்று அவராலும் ஓரமர்வில் எண்ண முடியவில்லை. மூதாட்டியோ அதற்குள் காலமாகிவிட்டார். அப்படம் வெளியிடப்படவில்லை, வெளியிடாதிருந்ததே நன்று.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழும். 'நேரக்குறி எதற்கு? காமிராவிற் பதிந்த ஒலியையும் தனிக் கருவியின் ஒலியையும் அலைவடிவத்தால் ஒப்பிட்டுக் கணினியே பொருத்திவிடுமே!' என்பர். உண்மை, பேட்டியும் சொற்பொழிவும் போன்றவற்றிற்கு அது பெரும்பாலும் போதும். நாமும் அதனைப் பயன்படுத்தியதுண்டு. ஆனால் விஞ்ஞானப் படத்திற்கு அதனையே முதலாகக் கொள்ளுதல் தகாது. மழைக்காலத் தொடக்கத்தில் இந்தியப் பெருந்தவளையின் ஆண், உடல் மஞ்சளாகி, தொண்டையின் இருபுறமும் நீலப் பைகள் உப்ப ஒலி எழுப்புவதைப் பலரும் கண்டிருப்பர். மைக்கை அதற்கு ஒரு மீட்டர் அருகில் மறைத்து வைத்து, 20 மீட்டர் தொலைவிலிருந்து நீள்குவிய லென்ஸால் படமெடுப்பதாகக் கொள்வோம். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்வது. ஆதலின் அருகிலிருந்த மைக்கிற்கு உடனே எட்டிய ஒலி, காமிராவிற்குச் சுமார் 55 மில்லி வினாடி தாமதித்தே எட்டும். அலைவடிவத்தை ஒப்பிடும் செயலி என்ன செய்யும்? அருகிலிருந்து பதிந்த நல்ல ஒலியை அத்தாமதத்திற்கேற்பப் பின்னுக்குத் தள்ளிக் காமிராவின் ஒலியோடு பொருத்தும். விளைவு, பை உப்பி ஒரு சட்டத்திற்கு மேல் கழிந்த பின்னரே ஒலி கேட்கும். நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்வளையைக் கடந்து பையை நிரப்பும் அதே செயலில் ஒலி பிறக்கிறது என்பதைக் காட்டவே அப்படம் எடுக்கப்பட்டது. சட்டம் சட்டமாக நிறுத்திப் பார்க்கும் மாணவன், பை உப்பிய பின்னரே ஒலி தோன்றுவதாகக் குறித்துக்கொள்வான். ஆசிரியர் அதனைத் தவறென்று கூறவும் வழியிராது. நேரக்குறியால் இணைத்திருப்பின் இப்பிழை நேராது. ஏனெனில் அது ஒலி எங்கே கேட்டது என்பதைப் பாராது, எப்போது பதிந்தது என்பதையே பார்க்கும். இரவில் நூறு தவளைகள் ஒருங்கே கத்தும் குட்டையிலோ செயலி தடுமாறித் தொடர்பற்ற ஓரிடத்திற் பொருத்திவிடுதலும் உண்டு.

மாற்றவே கூடாது என்பது நம் கட்சி அன்று. மாற்றியே தீர வேண்டிய இடங்கள் சில உள. 32 பிட் மிதவைப் புள்ளி முறையிற் பதியும் கருவிகள் இப்போது பெருகியுள்ளன; எல்லை கடந்த ஓசையும் அவற்றில் சிதையாமல் நிற்கும். அதனைப் படிக்க இயலாத பழைய தொகுப்புச் செயலிக்கு 24 பிட் கோப்புத் தேவைப்படலாம். அப்போது முதலில் ஒலியளவை எல்லைக்குள் தாழ்த்தி, அதன் பின்னரே மாற்ற வேண்டும். முறை தவறின் உச்சிகள் வெட்டுண்டு போம். எட்டுத் தடங்கள் ஒரே கோப்பில் இருப்பதைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரிக்க நேரின், ஒவ்வொன்றிலும் அதே தொடக்க நேரம் எழுதப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். பலரும் விலையின்றிப் பயன்படுத்தும் எஃப்எஃப்எம்பெக் என்னும் செயலி, வேவ் கோப்பை எழுதும்போது, நாமாகக் கட்டளையிட்டாலன்றிப் பெக்ஸ்ட் பகுதியை எழுதாது. இதனை அறியாது இழந்தோர் பலர். அளவே தடையென்றால் ஃபிளாக் என்னும் இழப்பற்ற முறை இருக்கிறது. அதிலும் வெளிப் பகுதிகளைக் காக்குமாறு, சுருக்கும்போதும் விரிக்கும்போதும் தனியே கட்டளையிடுதல் வேண்டும். மாதிரி விகிதத்தை மாற்றியே ஆக வேண்டுமெனில், நேர எண்ணையும் அதே விகிதத்தில் மாற்ற வேண்டும்: 172 கோடியே 80 இலட்சம், 44,100 கணக்கில் 158 கோடியே 76 இலட்சமாதல் வேண்டும். மாற்றியதைச் சோதிக்க 'பிடபிள்யூஎஃப் மெட்டா எடிட்' என்ற இலவசச் செயலி போதும். மாற்றுமுன் ஒரு முறையும் மாற்றிய பின் ஒரு முறையும் எண்ணைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள இரண்டு நிமிடம் ஆகாது.

அளவைப் பற்றிய அச்சமும் இன்று பெரிதும் பழையதே. இரண்டு தடங்கள், 24 பிட், 48,000 மாதிரி என்ற கணக்கில் ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 1.04 ஜிகாபைட். பத்து மணி நேரப் பதிவு சட்டைப்பையிற் செல்லும் ஒரு சிறு பென்டிரைவில் அடங்கிவிடும். அதனைத் தபாலில் அனுப்பினால் இரண்டு நாள் தாமதமாகலாம், ஆகட்டுமே. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம், காப்பகத்திற்குரிய வடிவாக இப்பிராட்காஸ்ட் வேவ் முறையையே பரிந்துரைத்து, குறைந்த அளவு 48,000 மாதிரியும் 24 பிட்டும் வேண்டும் என்று கூறியுள்ளது. நாம் படமெடுத்து முடித்த பின்னரும் அவ்வொலிக்கு வாழ்வு உண்டு என்பதை அலுவலகங்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

களத்திற் செல்வோர்க்கும் சில சொற்கள். காமிராவும் கருவியும் 25 என்ற ஒரே விகிதத்தில் இருத்தல் முதல் தேவை. பல காமிராக்கள் 29.97 என்ற அமெரிக்கக் கணக்கிலேயே நம் கைக்கு வருகின்றன, ஒலிக்கருவியும் அவ்வாறே. அவ்விகிதத்தில் எண்களைத் தவிர்க்காது எண்ணினால், குறி காட்டும் நேரம் மெய்யான நேரத்தினின்று மணிக்கு 3.6 வினாடி பின்தங்கும். காலை 10 மணி என்ற குறியில் 36 வினாடி வேறுபாடு சேர்ந்துவிடும். மலிவான கடிகாரப் படிகம் பத்து இலட்சத்தில் 50 பங்கு பிழைபடுமாயின், ஒரு மணி நேரத்தில் 0.18 வினாடி, அதாவது நாலரைச் சட்டம் விலகும். ஆகவே உணவு இடைவேளையின்போதெல்லாம் மீண்டும் ஒத்துவைக்க வேண்டும். வெப்பத்திற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் படிகமுடைய கருவியில் பிழை ஒரு பங்காகக் குறைந்தால், ஒரு சட்டம் விலகப் பதினொரு மணி நேரமாகும். நேரக்குறி வாங்கும் வாயில் இல்லாத காமிராவாயின், அக்குறியையே ஓசையாக அதன் ஒரு தடத்திற் பதியலாம். சட்டத்திற்கு 80 பிட், வினாடிக்கு 2,000 பிட் என வரும் அவ்வோசை காதிற்கு இனியதன்று. ஆனால் டாவின்சி ரிஸால்வ் போன்ற தொகுப்புச் செயலி அதனைப் படித்துப் படத்திற்கு நேரம் இட்டுவிடும். அத்தடத்தில் இரைச்சல் நீக்கத்தையும் தானியங்கி ஒலியளவையும் நிறுத்தி வைக்க மறவற்க. கைப்பேசியிற் படமெடுக்கும் ஆசிரியர்கள், அதன் சட்ட விகிதம் நிலையாக நிற்பதில்லை என்பதை அறிந்து, நிலையான விகிதத்திற்கு மாற்றிய பின்னரே இணைக்க வேண்டும். இவ்வளவும் இல்லையேல், இரு கைகளையும் காமிராவின்முன் ஒரு முறை தட்டி, நேரத்தை வாயாற் சொல்லிவிடுங்கள். இம்முறைக்கு எம்.பி.3-ஆலும் கேடு விளைவிக்க முடியாது!

இரவுப் பதிவிற்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. மாதிரி எண்ணிக்கை நள்ளிரவில் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. இரவு 11 மணிக்குப் பதிந்ததும் பின்னிரவு 1 மணிக்குப் பதிந்ததும் ஒரே நாளின் இரு முனைகளாகத் தோற்றமளித்து, பின்னதே முன்னதாக வரிசையில் நிற்கும். இவற்றைப் பிரித்தறிவிப்பது பெக்ஸ்ட் பகுதியில் உள்ள நாள் ஒன்றே. மின்கலம் முழுதும் தீர்ந்த கருவிகள் சில, தம் நாட்காட்டியை ஏதோ ஓர் ஆண்டின் சனவரி முதல் நாளுக்குத் திருப்பிவிடுவதால், மின்கலம் மாற்றியவுடன் நாளைப் பார்ப்பது கடமை.

அலுவலகத் தலைவர்களிடம் நாம் வேண்டுவது மிகுதியன்று. களக்குழுவிற்குக் கொடுக்கும் அறிவுறுத்தல் தாளில், மூலக் கோப்புகளை மாற்றாது அவ்வாறே ஒப்படைக்க வேண்டும் என்ற ஒரு வரியையும், மூலத்தின் இரண்டு படிகள் இருவேறு இடங்களில் இருப்பதைத் தொகுப்பாளர் எழுத்தில் ஏற்றுக்கொள்ளும்வரை நினைவு அட்டையைத் துடைக்கலாகாது என்ற மற்றொரு வரியையும் சேர்க்க வேண்டும். பயிற்சி வகுப்புக்களுக்கு ஒலிப்பதிவாளரை மட்டும் அழைக்கிறோம். கோப்புகளைப் படி எடுத்து அனுப்பும் எழுத்தரையும் அழைக்க வேண்டும். மேற்கூறிய நிகழ்ச்சியில் எம்.பி.3 ஆக்கிய அன்பருக்கு நேரக்குறி என்ற சொல்லையே எவரும் சொல்லியிருக்கவில்லை. பின்னர் அவரிடம் அக்கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது, அவர் முதலிற் கேட்ட கேள்வி, துடைத்த அட்டையிலிருந்து எதையேனும் மீட்க முடியுமா என்பதே. அட்டை அதற்குள் வேறொரு மாவட்டத்தில், வேறொரு படத்திற்காக ஓடிக்கொண்டிருந்தது.